கைரேகை அழியுமா?

கூடலூர் டீக்கடையில் "போலீஸ் வெரிஃபிகேஷன்" என்ற வார்த்தை விழுந்தால் பேச்சு கொஞ்சம் தணியும். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்ட பையன் மேல் ஏதோ பழைய வழக்கு இருந்திருக்கும். விடுதலை ஆகியிருப்பான், ஆனாலும் ஏட்டில் பெயர் கிடக்கும். "அதான் விட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் கதையைத்தான் சொல்வேன்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியை அரசிதழில் அறிவித்தால் போதும், அதை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, பதிவு மட்டும் உண்டு. பிறமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்கணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள்.

1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது. ஆனால் 1948-லேயே இங்கே "வழக்கமான குற்றவாளிகள்" சட்டம் வந்துவிட்டது. நான் பிழைப்புக்கு டேட்டாபேஸ் பார்க்கிறவன். சட்டத்தை ரத்து செய்வது ஒரு வேலை, அது எழுதிவைத்த வரிகளை அழிப்பது வேறு வேலை. இரண்டாவதை யாரும் முடிக்கவில்லை. சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 அக்டோபர் 3-ல்தான்.

அதே வருடம் பிப்ரவரியில், விடுதலையான ஒருவரின் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தீர்ப்புகளை வெளியிடும் இணையதளம் ஒன்று மேல்முறையீடு போனது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவானது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயரை மறைத்தாலும் தீர்ப்பும் அதன் காரணங்களும் அப்படியே இருக்குமே?

கூடலூரிலும் இந்தக் கதை உண்டு. 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலங்களில் தலைமுறையாக இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னும் பட்டா இல்லை. ஏட்டில் அவர்கள் "ஆக்கிரமிப்பாளர்". குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

எழுதியவன் ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டான். அழிக்கும் பொறுப்பு மட்டும் எழுதப்பட்டவன் தலையில். அதை எழுதிய கையிடமே திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.