டிஸ்க் பிரேக் உரசல்

டிஸ்க் பிரேக் உரசல் என்பது, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் நிலை. புது டிஸ்கும் பேடும் மாட்டிய கார்களில் முதல் சில நாட்கள் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். அதில் எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்தறிவதே பழுது பார்ப்பதன் முதல் படி.

பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றதும் உலகின் கவனம் அதன் பக்கம் திரும்பியது. டிரம் பிரேக்கில் ஷூக்களைப் பின்னிழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில் அந்த வேலையைப் பெரும்பாலும், பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலே செய்கிறது. மிதிக்கும்போது முறுக்கிக்கொள்ளும் சீல், விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். இடைவெளி அவ்வளவுதான் என்பதால், லேசான உரசல் இந்த அமைப்பிலேயே உள்ளது.

சோதிப்பது எளிது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மெல்லிய சத்தத்தோடு தாராளமாகச் சுற்றினால் கவலையில்லை. இரு கையாலும் வலிந்து தள்ள வேண்டியிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் முதலில் டிஸ்க் உட்காரும் ஹப்பைப் பார்க்க வேண்டும். அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய துரு, புது டிஸ்கைச் சாய்வாக உட்கார வைத்துவிடும். டிஸ்கின் ஓரம் ஹப்பின் ஓரத்தைவிட மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதால், உள்ளே உள்ள சிறு மேடு வெளியே பெரிய ஆட்டமாகத் தெரியும். பல கார்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் இந்த ஆட்டத்துக்கு அனுமதி; டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். புது டிஸ்க் கோணல் என்று கடைக்குத் திருப்பித் தருவதற்கு முன், கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டிப் பார்ப்பது நல்லது.

இடைவிடாமல் பிடித்தால் காரணம் பெரும்பாலும், பிஸ்டனும் பேடும் அமர்ந்திருக்கும் கேலிப்பரில் இருக்கும். அது நகரும் பின்கள் கிரீஸ் வற்றி இறுகியிருக்கலாம். பேட் உட்காரும் பள்ளத்தில் துரு சேர்ந்திருக்கலாம். காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால், பிரேக் ஆயில் அழுத்தம் உள்ளேயே தங்குகிறது என்று பொருள். அப்போது உட்புறம் வீங்கிய ஹோஸையும் மாஸ்டர் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். பின் சக்கரமானால் இறுக்கமான ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்க வேண்டும்.

தகரம் உரசுவதுபோல் கீச்சென்று கேட்டால், டிஸ்குக்குப் பின்னுள்ள தூசித் தகடு வளைந்திருக்கலாம். அதைக் கையாலேயே நிமிர்த்திவிடலாம்.

வேலை முடிந்ததும், மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பிறகே காரை நகர்த்த வேண்டும். பேட் மாட்டும்போது பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் அப்போதுதான் பேடைத் தொடும். பிறகு ஆளில்லாத சாலையில், மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் சில முறை வேகம் தணித்து, இடையிடையே ஆறவிட்டால் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று படியும். ஓட்டி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் தகித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ உடனே ஓட்டத்தை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.