காலியிடம் யாருக்கு?



மதகுருமார் அவையொன்றில் உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் அவருடைய இடத்தை யார் நிரப்புவது? ஈரானில் அதற்கு இடைத்தேர்தல் உண்டு. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வல்லுநர் பேரவையில் 88 இடங்கள். காலியாகிப் போன சில இடங்களுக்கு 2020 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு நடந்தது. ஆனால் யார் போட்டியிடலாம் என்பதைக் காப்பாளர் மன்றம் முன்னதாகவே வடிகட்டிவிடுகிறது. அந்தப் பேரவையில் ஒரு பெண்கூட இதுவரை அமர்ந்ததில்லை. வாக்குப்பெட்டி திறந்திருக்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது.

நம் சிதம்பரத்திலும் ஓர் அவை உண்டு. நடராசர் கோயிலின் பூசையும் நிர்வாகமும் பொது தீட்சிதர்கள் கையில் இருக்கின்றன. இங்கே இடைத்தேர்தலுக்கு வேலையே இல்லை. தீட்சிதர் குடும்பத்தில் பிறந்த ஆண், திருமணமானதும் உரிமை பெறுகிறார். பிறப்புதான் வேட்புமனு, பிறப்புதான் வெற்றிச் சான்றிதழ்.

இந்த ஏற்பாட்டில் கைவைக்க அரசு முயன்றபோதெல்லாம் வழக்கு வந்தது. 1951இல் சென்னை உயர்நீதிமன்றம் தீட்சிதர்களைத் தனிச் சமயப் பிரிவாக ஏற்றது. 2009இல் அதே நீதிமன்றம் அரசின் செயல் அலுவலர் நியமனத்தை அனுமதித்தது. 2014 ஜனவரி 6இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நிர்வாகம் மீண்டும் தீட்சிதர்களிடமே போனது.

இதே மண்ணிலிருந்து இன்னொரு குரலும் எழுந்தது. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள், 1957இல் சிதம்பரத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1965இல் அமைக்கப்பட்ட தீண்டாமை ஆய்வுக் குழுவுக்கு அவரே தலைவர். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றது 1969இல் வந்த அதன் அறிக்கை. தமிழ்நாடு அரசு 1971இல் கொண்டுவந்த சட்டத்தின் நோக்க உரையில் அந்தப் பரிந்துரை இடம்பெற்றது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றது; ஆனால் ஆகம மரபை மீறக் கூடாது என்ற பிடியையும் விட்டுவைத்தது.

இன்று சிதம்பரம் ஒரு தனித்தொகுதி. அதன் மக்களவை இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. சேரியிலிருந்து ஒருவர் நிற்கலாம், ஊரே வாக்களிக்கும். அதே ஊரின் நடுவிலுள்ள கருவறைக்கு அந்த உறுப்பினர் அர்ச்சகராக முடியாது. நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டதாகப் புராணம் சொல்கிறது. தீயில் இறங்காமல் உள்ளே போகும் உரிமையைத்தான் இளையபெருமாள் எழுதிக் கேட்டார்.

நாம் கேட்க வேண்டியதும் அதுதான். எந்த அவையானாலும், யார் வாக்களிக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. யார் நிற்கவே முடியாது என்பதையும் பார்க்க வேண்டும்.