இரண்டு டாலர் ரசீது



ஓட்டுரிமை ஒரு தடவை கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் தொட முடியாது என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவில் கொடுத்த ஓட்டைத் திரும்பப் பிடுங்கினார்கள். எப்படியென்று கேளுங்கள்.

1861-இல் அங்கே வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போது ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். தெற்கின் பருத்தித் தோட்டங்கள் அவர்கள் உழைப்பில்தான் ஓடின. 1865-இல் தெற்கு தோற்றது. அடிமை முறையும் ஒழிந்தது. 1870-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் வந்தது. இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காட்டி ஒருவரின் ஓட்டை மறுக்கக் கூடாது என்றது அது. (பெண்களுக்கு அப்போது ஓட்டில்லை, அது வேறு கதை.) அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பினச் செனட்டர் ஆனார்.

பழைய முதலாளிமார் சும்மா இருப்பார்களா? முதலில் அடிதடி, கொலை. 1873-இல் லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், தேர்தல் தகராறில் கறுப்பினத்தவர் பலரைக் கொன்று போட்டார்கள். 1877-இல் மத்திய அரசும் தன் படையைக் காவலிலிருந்து விலக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான சூழ்ச்சி. 1890-இல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதியது. ஓட்டு விதிகளில் ‘கறுப்பர்’ என்று ஒரு வார்த்தை கிடையாது! ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்டணும், முந்திய இரண்டு ஆண்டுக்கும் பாக்கி இருக்கக் கூடாது. அவ்வளவுதானே என்பீர்கள். வாரத்துக்கு உழுதவனுக்குப் பருத்தி விற்றுக் கணக்குத் தீரும்வரை கடையில் கடன்தான். கையில் ரொக்கம் ஏது? நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். ஒரே வட்டாரத்தில் ஓராண்டு குடியிருக்கணும் என்றும் விதி. பிழைப்புக்காகத் தோட்டம் மாறினால் ஓட்டும் போச்சு. போதாதென்று, சட்டத்தில் ஏதாவது ஒரு பகுதியை வாசிக்கணும், இல்லாவிட்டால் வாசித்துக் காட்டும்போது பொருள் சொல்லணும். சொன்னது சரியா தப்பா என்பது அதிகாரியின் வாயில்! படித்தவரையும் தள்ளிவிடலாம்.

1898-இல் லூயிசியானா இன்னும் ஒருபடி மேலே போனது. 1867 ஜனவரி முதல் நாள் தகப்பனுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டிருந்தால் எழுத்துச் சோதனை வேண்டாமாம். அடிமையின் பேரன் எந்தத் தாத்தாவைக் காட்டுவான்? அந்த மாநிலத்தில் 1896-இல் பதிவான கறுப்பின வாக்காளர் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். ஏழை வெள்ளையரும் பலர் தலைவரியில் சிக்கி ஓட்டிழந்தார்கள். அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

தாத்தா விதியை உச்ச நீதிமன்றம் 1915-இல் தள்ளியது. எழுத்துச் சோதனையை உடைக்க 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனையோ பேர் அடிபட்டார்கள், சிறை போனார்கள், உயிர் விட்டார்கள். மாநிலத் தேர்தல்களில் தலைவரி ஒழிந்தது 1966-இல்தான்.