நெட்டுலயே விழுதா, எகிறிப் பறக்குதா? டேபிள் டென்னிஸ் ஸ்பின் சர்வீஸை எடுப்பது எப்படி?

எங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு அங்கிள் இருக்கார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. முட்டிக்கு பெல்ட் போட்டுட்டுத்தான் டேபிள் டென்னிஸ் ஆடவே வருவார். ரேலி போனா மூணு ஷாட்டுக்கு மேல தாங்க மாட்டார். ஆனா, ரேலி போனாத்தானே? போன பொங்கல் டோர்னமென்ட்ல அவர் சர்வீஸ்ல பாதியை நெட்லயும் மீதியைச் சுவத்துலயும் அடிச்சு, 11-3, 11-4, 11-2னு தோத்தேன். ``விடும்மா, பழகிடும்''னு அவர் ஆறுதல் சொன்னதுதான் தோல்வியைவிட வலிச்சது. பேட்டை அலமாரியில போட்டுப் பூட்டிடலாமான்னுகூட யோசிச்சேன்.

காலேஜ் ஹாஸ்டல், ஐ.டி ஆபீஸ் கேன்டீன் பக்கத்து ரூம்னு டேபிள் இருக்கிற எல்லா இடத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட மாட்டி முழிக்கிறவங்களுக்காகத்தான் இது.

முதல்ல, பந்து ஏன் இப்படி ஏமாத்துது? அதன் எடை வெறும் 2.7 கிராம். பேட்டில் ஒட்டியிருக்கிற ரப்பரோ பந்தைப் பிடிச்சு இழுக்கிற ரகம். பந்தை அடிக்காம, ரப்பரால உரசி விட்டா அது வெறித்தனமா சுழலும். அந்தச் சுழற்சி உங்க பேட்ல படும்போதுதான் முழுசா வேலையைக் காட்டும். பந்தின் அடிப்பக்கத்தை உரசினா பேக் ஸ்பின். நீங்க சும்மா பேட்டை நீட்டினா பந்து கீழே இறங்கி நெட்ல விழும். மேல்நோக்கி உரசினா டாப் ஸ்பின். சும்மா நீட்டினா எகிறிடும். பக்கவாட்டில் உரசினா சைடு ஸ்பின். பந்து கோணலாப் பறக்கும்.

சைடு ஸ்பினுக்கு மட்டும் ஒரு சுலபமான கணக்கு இருக்கு. சர்வீஸ் போடுறவரோட பேட் பந்தைத் தொடும்போது எந்தப் பக்கம் போகுதோ, உங்க ரிட்டர்னும் அந்தப் பக்கமாத்தான் இழுத்துட்டுப் போகும். அதனால, அவர் பேட் எங்கிருந்து கிளம்பிச்சோ அந்தப் பக்கத்தைக் குறிவெச்சு அடிங்க. பந்து டேபிளுக்குள்ள வந்துடும். எனக்கு முதல்ல கைகொடுத்தது இதுதான்.

நம்மில் பலர் பந்து நெட்டைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் அதைப் பார்க்கவே ஆரம்பிக்கிறோம். அதுக்குள்ள பாதி கதை முடிஞ்சுடுது. பார்க்கவேண்டியது பேட்டும் பந்தும் தொடுற அந்த ஒரு கணத்தை. பேட் கீழ்நோக்கிப் போகுதா, மேலேயா, பக்கவாட்டிலா? தொட்டதுக்கு அப்புறம் அவர் கையைச் சுழற்றுறது, தோளைக் குலுக்குறது எல்லாம் நடிப்பு. நம்பிடாதீங்க. அந்தக் கணத்தைத் தவறவிட்டா இன்னும் ரெண்டு க்ளூ இருக்கு. பந்து மேல அச்சடிச்ச லோகோ தெளிவாத் தெரிஞ்சா, சுழற்சி ரொம்பக் கம்மி. கலங்கலாத் தெரிஞ்சா, நல்லா சுழலுதுன்னு அர்த்தம். அடுத்து, உங்க பக்கம் குத்தினதும் பந்து தயங்கி நின்னா பேக் ஸ்பின், முன்னாடி பாய்ஞ்சு வந்தா டாப் ஸ்பின்.

இதுல பெரிய வில்லன், ஸ்பின்னே இல்லாத சர்வீஸ். கையசைவு எல்லாம் பேக் ஸ்பின் மாதிரியே இருக்கும். ஆனா, வேகமா நகர்ற பேட் நுனிக்குப் பதிலா கைப்பிடிக்குப் பக்கத்துல பந்தைத் தொட்டிருப்பார். நீங்க பேக் ஸ்பின்னு நினைச்சுத் தூக்கிவிட, பந்து அவருக்கு அல்வா மாதிரி எழும்பி நிற்கும்.

சரி, எப்படி எடுக்கிறது? பேக் ஸ்பினா இருந்தா பேட்டோட முகத்தைக் கொஞ்சம் வானத்தைப் பார்க்கத் திருப்பி, பந்தின் அடியில முன்னோக்கித் தள்ளுங்க. இதுக்குப் பேர் புஷ். டாப் ஸ்பின்னா பேட்டை டேபிளைப் பார்க்கச் சாய்ச்சு, முன்னாடி லேசாத் தள்ளினாப் போதும். பேட்டை இறுக்கிப் பிடிக்காதீங்க, மணிக்கட்டு மரக்கட்டை ஆயிடும். அதே சமயம், பயந்து பயந்து தொடவும் கூடாது. பேட் அசையாம நின்னா, பந்து எங்கே போகணும்னு எதிராளியோட ஸ்பின்தான் முடிவு பண்ணும். சின்னதா ஆனாலும் உறுதியா ஒரு வீச்சு வேணும். நெட் பக்கத்துல விழுற குட்டி சர்வீஸுக்கு, கையை மட்டும் நீட்டாம ஒரு காலை டேபிளுக்கு அடியில வெச்சு உடம்போட போங்க. நீளமா வர்ற சர்வீஸ்தான் உங்களுக்கு அடிக்கக் கிடைச்ச சான்ஸ்.

குட்டி சர்வீஸையே மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கிறதுக்கு `பனானா ஃப்ளிக்'னு பேர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் தங்கம் ஜெயிச்ச சீனாவின் ஜாங் ஜிகே இதில் கில்லாடி. யூடியூப்ல பாருங்க, ஆனா புஷ் பழகினதுக்கு அப்புறம் முயற்சி பண்ணுங்க. நான் அவசரப்பட்டு ட்ரை பண்ணி டியூப்லைட் மேல அடிச்சிருக்கேன்.

எதிராளி பந்தையே உங்களுக்குக் காட்டாம சர்வீஸ் போட்டா அது ஃபவுல். பந்தைத் திறந்த உள்ளங்கையில வெச்சு, குறைஞ்சது 16 செ.மீ உயரத்துக்கு மேலே போடணும். அடிக்கும்போது உடம்பாலயோ இன்னொரு கையாலயோ பந்தை மறைக்கக் கூடாது. உள்ளங்கையில இருந்தே உருட்டி அடிக்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய. தயங்காம சொல்லுங்க. அங்கிள் சர்வீஸ்ல அந்தத் தப்பும் இல்லைங்கிறதுதான் என் சோகம்.

கடைசியில வெட்கத்தை விட்டுட்டு அவர்கிட்டயே போய் நின்னேன். ``அங்கிள், பாயின்ட் எல்லாம் வேணாம். அந்த ஒரே சர்வீஸை 20 தடவை போடுங்க.'' சிரிச்சுக்கிட்டே போட்டார். முதல் நாள் 4 பந்து உள்ளே போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு 13. அதுக்கு அப்புறம்தான் ரெண்டு விதமான சர்வீஸைக் கலந்து போடச் சொன்னேன். திரும்ப 6-க்கு இறங்கிடுச்சு. அதுவும் ஏறுச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேட்ச். 11-8, 9-11, 11-9, 11-9. ஜெயிச்சது அவர்தான். ஆனா, மூணாவது கேம் முடிஞ்சதும் அங்கிள் சேர்ல உட்கார்ந்து, ``ஒரு நிமிஷம் இரும்மா''ன்னு தண்ணி பாட்டிலை எடுத்தார்.