வேட்டைக்காரனின் பசி

'பிளேட்: ட்ரினிட்டி' மோசமான படம் என்று சொல்வது சுலபம். 2004 டிசம்பரில் அது வெளிவந்தபோதே பலரும் சொல்லிவிட்டார்கள். நானும் சொன்னேன். மோசமான படங்கள் எத்தனையோ வருகின்றன, போகின்றன. அவற்றுக்காக நான் வருத்தப்பட்டதில்லை. இதற்கு வருத்தப்பட்டேன். வாளும் துப்பாக்கியுமாக ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ஒருவனைப் பற்றிய வியாபாரப் படவரிசை, அதன் மூன்றாவது பாகம் கெட்டுப்போனால் உமக்கென்ன நஷ்டம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் மூன்று படங்களையும் அடுத்தடுத்து மறுபடியும் பார்த்தேன். இப்போது பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1897ல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் வேட்டைக்காரர் ஒரு டச்சுப் பேராசிரியர். வான் ஹெல்சிங். மருத்துவம் தெரிந்தவர், மதநம்பிக்கையுள்ளவர், கண்ணியமானவர். தீமை கிழக்கிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வருகிறது. அதை விரட்டுகிற கை சுத்தமாக இருக்கிறது. நாவலின் பயங்கரம் முழுவதும் இந்த எல்லைக்கோட்டைச் சார்ந்தது. 1931ல் டாட் பிரவுனிங் எடுத்த படத்திலும் அப்படித்தான். 1958ல் ஹாமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த 'டிராகுலா'வில் பீட்டர் குஷிங் மேஜைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறார். பேராசிரியருக்குக் கையும் காலும் முளைத்தது அங்கேதான் என்று சொல்லலாம். ஆனால் அவருக்குள்ளே ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. தான் கொல்வதன் ஒரு துளி தன்னிலும் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் குஷிங்கின் முகத்தைத் தீண்டியதே இல்லை.

அமெரிக்காவில் 1954ல் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுதி வகுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கூச்சலும் செனட் விசாரணையும் அதற்குக் காரணம். விலக்கப்பட்டவற்றில் ரத்தக்காட்டேரியும் ஒன்று. 1971ல் விதியைத் தளர்த்தினார்கள். மறு வருஷமே மார்வெல் நிறுவனம் டிராகுலாவை வைத்து ஒரு சித்திரக்கதை வரிசை தொடங்கிற்று. அதன் பத்தாவது இதழில், 1973ல், மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜீன் கோலன் வரைய, பிளேட் என்ற கறுப்பு வேட்டைக்காரன் தோன்றினான். பிரசவ வேளையில் தாயை ரத்தக்காட்டேரி கடித்துவிட, அதன் விளைவாக ரத்தக்காட்டேரிகளின் கடி தன்னைப் பாதிக்காத ஒருவன்.

இவன் வெறும் சித்திரக்கதைக்காரர்களின் கற்பனையில் திடீரென்று உதித்தவன் அல்ல. கறுப்பு நாயகர்களை வைத்து மலிவாகப் படமெடுத்துக் கறுப்பர்களுக்கே விற்கலாம் என்று ஹாலிவுட் கண்டுகொண்ட காலம் அது. 1971ல் 'ஷாஃப்ட்', 1972ல் 'பிளாக்குலா'. இந்த இரண்டாவது படத்தின் தலைப்பைக் கேட்டாலே சிரிப்பு வரும். ஆனால் ஆரம்பக் காட்சியில் சிரிக்க ஒன்றுமில்லை. 1780ல் மாமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவி கேட்டு டிராகுலாவின் மாளிகைக்கு வருகிறான். டிராகுலா சிரிக்கிறான், கடிக்கிறான், தன் பெயரைத் திரித்து அவனுக்கு ஒரு பெயர் வைக்கிறான், பெட்டியில் அடைக்கிறான். சொந்தப் பெயர் போய் எஜமானன் வைத்த பெயர் நிலைத்துவிடுகிறது. வில்லியம் மார்ஷல் என்ற நாடக நடிகரின் கம்பீரத்தால் இந்த மலிவுப்படம் ஓரிரு இடங்களில் சரித்திரத்தைத் தொட்டுவிடுகிறது. பசி என்பது ஒருவன் கூடப் பிறந்த குணம் அல்ல, அவன்மேல் சுமத்தப்பட்டது என்ற எண்ணம் அங்கே வந்துவிட்டது.

1998ல் ஸ்டீபன் நாரிங்டன் இயக்கிய 'பிளேட்' இந்த இரண்டு இழைகளையும் ஒன்றாக முறுக்கிற்று. படத்தின் பிளேட் வெறும் காப்புப் பெற்றவன் அல்ல, பாதி ரத்தக்காட்டேரி. பகலில் நடமாட முடியும், ஆனால் ரத்தத்தாகம் உண்டு. அதை அடக்க ஊசிமருந்து போட்டுக்கொள்ள வேண்டும். உடல் மருந்துக்குப் பழகிக்கொண்டே போகிறது. வெஸ்லி ஸ்னைப்ஸ் நாற்காலியில் கட்டுண்டு, பல்லைக் கடித்து, அந்த ஊசியைத் தாங்கிக்கொள்ளும் காட்சியை நான் மறக்கவில்லை. குஷிங்கின் முகத்தைத் தீண்டாத சந்தேகம் இங்கே ஒரு மனிதனின் முழு உடம்பாகி உட்கார்ந்திருக்கிறது. அவன் அதிகம் பேசுவதில்லை. பேசுகிறவன் எதிரி, டீக்கன் ஃப்ராஸ்ட். இவனும் பிறவி ரத்தக்காட்டேரி அல்ல, கடிபட்டு ஆனவன். சுத்த ரத்தக்காரர்களின் சபையில் அவமானப்படுகிறவன். பட்டப்பகலில் பூங்காவில் பிளேடைச் சந்தித்து, எஜமானர்களுக்கு வால்பிடிக்கும் கறுப்பன் என்கிற அர்த்தத்தில் ஏசுகிறான். சண்டைப்படத்தின் நடுவே இப்படி ஒரு வசை வந்து விழும்போது ரத்தம் என்ற சொல்லுக்கு வேறு எடை வந்துவிடுகிறது.

முடிவில் ரத்த ஆய்வாளரான அந்தப் பெண் அவனைக் குணப்படுத்த முடியும் என்கிறாள். வேண்டாம், இன்னும் நல்ல மருந்து செய்து தா, யுத்தம் முடியவில்லை என்று அவன் மறுக்கிறான். குணமானால் பலம் போய்விடும் என்பது கதையின் தர்க்கம். எனக்கு அது அதைவிடப் பெரிதாகப் பட்டது. தன்மேல் இழைக்கப்பட்டதை மறக்காமல், அதையே ஆயுதமாகச் சுமந்து நடப்பவனின் முடிவு அது.

இரண்டாம் படம் 2002ல் வந்தது. கியெர்மோ டெல் டோரோ இயக்கம். ரத்தக்காட்டேரிகளையே தின்னும் புது இனம் ஒன்று கிளம்ப, பிளேட் தன் எதிரிகளோடு சேர்ந்து வேட்டையாட நேரிடுகிறது. அவனைக் கொல்வதற்கென்று பயிற்சி பெற்ற கூட்டம் அவன் கட்டளையின் கீழ் வருகிறது. டெல் டோரோவுக்கு விகாரப் பிறவிகளிடம் பிரியம் அதிகம். நோமாக் என்கிற அந்தக் கோர உருவம் தகப்பனால் வஞ்சிக்கப்பட்ட பிள்ளை என்று தெரியவரும்போது படம் துக்கமாகிவிடுகிறது. இங்கேயும் வேட்டைக்காரனுக்கும் வேட்டைக்கும் நடுவே உள்ள கோடு அழிந்தும் தெரிந்துமாகவே இருக்கிறது.

மூன்று படங்களுக்கும் கதை எழுதியவர் ஒருவரே, டேவிட் எஸ். கோயர். மூன்றாவதை இயக்கியவரும் அவர்தான். ஆகவே வெளியாள் யாரோ வந்து கெடுத்துவிட்டான் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

'ட்ரினிட்டி'யின் ஆரம்பம் அசல் ஆரம்பம். ரத்தக்காட்டேரிகள் சூழ்ச்சி செய்து, பிளேட் ஒரு மனிதனைக் கொல்வதைப் படம்பிடித்துவிடுகிறார்கள். எஃப்.பி.ஐ. அவனைத் துரத்துகிறது. கிழவர் விஸ்லர் சாகிறார். விலங்கிடப்பட்டு, மயக்கமருந்து ஏற்றப்பட்டு, பைத்தியம் என்று சொல்லும் மருத்துவரின் முன்னால் உட்கார்த்திவைக்கப்பட்ட கறுப்பு மனிதன்! அமெரிக்கச் சரித்திரம் தானாக நடந்து வந்து காமிராவின் முன் நிற்கிறது. கோயர் அதைப் பார்க்கவில்லை. கதவை உடைத்துக்கொண்டு இரண்டு இளம் வெள்ளை வேட்டைக்காரர்கள் நுழைகிறார்கள், அத்தோடு நகைச்சுவையும் நுழைகிறது. ஒருத்தி விஸ்லரின் மகள். வேட்டைக்குப் போகுமுன் ஐபாடில் பாட்டுகளை வரிசைப்படுத்திக்கொள்கிறாள். இன்னொருவன் ஹன்னிபல் கிங், ரயன் ரெனால்ட்ஸ். 1974ல் அதே சித்திரக்கதை வரிசையில் வந்த ஹன்னிபல் கிங், ரத்தக்காட்டேரி ஆகியும் மனித ரத்தம் குடிப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்த துப்பறிவாளன். படத்தில் அவன் முன்பொரு காலம் ரத்தக்காட்டேரியாக இருந்து, மருந்தினால் குணமாகிவிட்டவன். முதல் படத்தில் பிளேட் எதை மறுத்தானோ அதைப் பெற்றுக்கொண்டு, பசியும் நினைவும் இல்லாமல், படம் முழுவதும் துணுக்கு சொல்லிக்கொண்டிருக்கிறான். பிளேடின் மௌனம் அந்தத் துணுக்குகளுக்கு இடையே நிரப்பவேண்டிய இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனாலும் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு கிடங்கில் நினைவிழந்த மனிதர்கள் பிளாஸ்டிக் உறைகளுக்குள் வரிசை வரிசையாக, மாட்டுத்தொழுவம் மாதிரி, ரத்தம் கறக்கப்படுவதற்காக வைக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லோரும் தெருவில் கிடந்த வீடற்றவர்கள். காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள் என்பதால் பிடித்துவரப்பட்டவர்கள். போலீஸ் தலைவரே இதற்கு உடந்தை. மூலதனத்தை ரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டு மார்க்ஸ் எழுதியது 1867ல். அந்த உவமையை இவ்வளவு ஸ்தூலமாக, இவ்வளவு மலிவாக, இவ்வளவு சரியாக ஒரு வியாபாரப் படம் காட்டி நான் பார்த்ததில்லை. சில நிமிஷங்கள்தான். அடுத்த காட்சியில் மறுபடியும் துணுக்கு. உறைகளுக்குள் இருந்த ஒரு முகத்தைக்கூட நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை. தேடமாட்டார்கள் என்று நம்பியவர்கள் பட்டியலில் படமும் சேர்ந்துகொள்கிறது. என் வருத்தத்தின் மூலம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. உண்மை கைக்கு வராத படம் பரிதாபத்துக்குரியது. கைக்கு வந்ததை இன்னதென்று தெரியாமல் கீழே போட்டுவிட்டுப் போகிற படத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

பிறகு தீர்வு வருகிறது. சிரியப் பாலைவனத்தில் தோண்டி எழுப்பப்பட்ட ஆதி டிராகுலாவின் ரத்தத்தோடு கலந்து ஒரு வைரஸ். அது பரவினால் ரத்தக்காட்டேரி இனம் முழுதும் அழியும். இங்கே எனக்கு ஹாமர் நிறுவனத்தின் நினைவு வந்தது. 1973ல் அவர்கள் எடுத்த 'தி சாட்டானிக் ரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் டிராகுலா லண்டனில் பெரிய சொத்து முதலாளியாக வேஷமிட்டு, மனித இனத்தையே அழிக்கப் பிளேக் கிருமி தயாரிக்கிறான். மனிதர்கள் அழிந்தால் தனக்கு உணவு ஏது என்ற கேள்விக்குக் குஷிங் சொல்கிற ஊகம், அவனுக்கே வாழ்ந்து சலித்துவிட்டது என்பது. கிறிஸ்டஃபர் லீ அதற்குப்பின் ஹாமருக்காக டிராகுலாவாக நடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷ இடைவெளியில், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், களைத்துப்போன இரண்டு வரிசைகள் ஒரே மருந்தைத் தேடிப்போயிருக்கின்றன. தன் பாத்திரங்களைப் பற்றி அறிய ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிற கதை அவர்களை மொத்தமாகக் கொன்றுவிட விரும்புகிறது.

மூன்று படங்களும் தலைக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தவை. அந்த வசூலுக்குக் காரணமான மூர்த்தி யாருக்குச் சொந்தம் என்பதும் இந்தச் சரித்திரத்தில் சேர்ந்ததே. பிளேட் தன் சிருஷ்டி என்று வுல்ஃப்மன் தொடுத்த வழக்கில் 2000ல் தீர்ப்பு மார்வெலுக்குச் சாதகமாயிற்று. 2005ல் ஸ்னைப்ஸ் படநிறுவனத்தின் மீதும் கோயர் மீதும் வழக்குத் தொடுத்தார். தன் படத்தில் தானே ஓரங்கட்டப்பட்டதாக அவர் குறை. வழக்கின் நியாயம் எதுவானாலும், படத்தைப் பார்த்த எவருக்கும் அவர் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

2019ல் மார்வெல் வேறொரு நடிகரை வைத்துப் புதிய 'பிளேட்' அறிவித்தது. வருஷங்கள் போயின, படம் வரவில்லை. ஆனால் 2024ல் 'டெட்பூல் அண்டு வுல்வரின்' படத்தில் ஸ்னைப்ஸ் அதே கறுப்பு அங்கியோடு திரும்பி வந்தார். அரங்கில் கைதட்டல். நானும் தட்டினேன். கை ஓய்ந்தபிறகுதான் கவனித்தேன், அது ரயன் ரெனால்ட்ஸின் படம். இருபது வருஷத்துக்குமுன் ஓரத்தில் நின்று துணுக்கு சொன்னவன் வீட்டுக்காரனாகிவிட்டான். பேசாதவன் அவன் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்து, அவனுக்கு ஈடாக ஒன்றிரண்டு வேடிக்கை பேசிவிட்டுப் போகிறான். அந்தப் படத்தில் அவனுக்கு ஊசி தேவைப்படவில்லை.