பிலிகிரி ரங்கன் மலை நெல்லிக்காய்

நெல்லிக்காய் என்றதும் நமக்கெல்லாம் அதியமானும் அவ்வையும்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார்கள். அதியமான் மலையில் கிடைத்ததைக் கொண்டு வந்தான், அவ்வைக்குக் கொடுத்தான். அந்த மரம் யாருக்குச் சொந்தம், பறிக்க இவனுக்கு என்ன உரிமை என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது வெள்ளைக்காரன் சர்க்கார். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதன்பின் காடு, காட்டில் உள்ள மரம், மரத்தில் உள்ள காய் எல்லாம் சர்க்கார் கணக்கில் ஏறிவிட்டன.

நான் தபால் துறையில் இருந்தபோது மூன்று வருடம் தாளவாடியில் வேலை பார்த்தேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர் தாண்டிப் போக வேண்டும். பாதி ஊர் கன்னடம் பேசும், பாதி தமிழ் பேசும், சந்தை நாளில் இரண்டும் கலந்து வரும். மார்கழி, தை மாதங்களில் காட்டு நெல்லிக்காய் வரும். கடையில் விற்கும் பெரிய நெல்லி அல்ல, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, கடித்தால் பல் கூசும் ரகம். சோளகர்கள் கொண்டு வருவார்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்த மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கம் என்றால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டம், அதிலும் குறிப்பாக பிலிகிரி ரங்கன் மலை.

அந்த மலையும் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. அதன் ஒரு பகுதி இருக்கும் கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. கோயில் இருக்கும் எளந்தூர்ப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்தில் திவான் பூர்ணய்யாவின் ஜாகீர். ராஜா, ஜாகீர்தார், கலெக்டர் என்று மேலே யார் மாறினாலும் காட்டுக்குள் இருந்தவர்கள் சோளகர்கள்தான். மலை மேல் இருக்கும் ரங்கநாதரை அவர்கள் மைத்துனர் முறை சொல்லித்தான் அழைக்கிறார்கள். தங்கள் குலத்துப் பெண்ணை அவர் கட்டிக்கொண்டாராம். சாமியையே சம்பந்தி வீட்டு ஆளாக ஆக்கிக்கொண்டவர்களை, அவர்கள் காட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்கள் என்று சட்டம் சொன்னது.

கணக்குக்கு வருகிறேன். நெல்லி, தேன், சீயக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, மாகாளிக்கிழங்கு இவற்றையெல்லாம் வனத்துறை ‘சிறு வன மகசூல்’ என்று பெயரிட்டு ஏலம் விட்டது. குத்தகைக்காரர் ஏலத்தில் எடுப்பார், சோளகர் பறித்துத் தருவார். குத்தகைக்காரர்களின் சுரண்டலை ஒழிக்க 1970களில் லேம்ப்ஸ் என்ற பழங்குடியினர் கூட்டுறவு சங்கங்கள் வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் சங்கம் வனத்துறைக்குக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் எடுக்க முடியும். காய் அப்போதும் சர்க்காருடையதே. பறித்தவருக்குக் கிடைத்தது காய்க்கு விலை அல்ல, பறித்ததற்குக் கூலி.

இந்த விலை, கூலி வித்தியாசம் சின்ன விஷயம் போலத் தோன்றும். மரத்துக்கு அது பெரிய விஷயம். கிலோவுக்கு இவ்வளவு கூலி என்றால், நான் முற்றட்டும் என்று விட்டுவைக்கும் காயை நாளைக்கு இன்னொருவர் பறித்துப் போவார். ஆகவே பிஞ்சிலேயே பறி, ஏற முடியாவிட்டால் கிளையை ஒடி என்றாகிறது. காட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். காய் பறிப்பதால் காட்டுக்குக் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிப் பறிக்கிறோம் என்பது காய் யாருடையது என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

1974-ல் பிலிகிரி மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1987-ல் விரிவாக்கி 540 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். காட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி ராகி விதைத்து வந்த சோளகர்களை ‘போடு’ என்று அவர்கள் சொல்லும் குடியிருப்புகளில் நிலையாக உட்கார வைத்தார்கள். வேட்டை போனது, விவசாயம் சுருங்கியது, மிஞ்சியது நெல்லியும் தேனும்தான். 1990களில் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது அவர்கள் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி, சில போடுகளில் அதற்கு மேலும், இந்தச் சிறு வன மகசூலிலிருந்தே வந்தது. ‘சிறு’ என்ற சொல்லை யார் வைத்தார்களோ!

சரணாலயத்தோடு இன்னொன்றும் நின்றுபோனது. பனி முடிந்து கோடை தொடங்கும் சமயம், தரையில் கிடக்கும் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பது சோளகர் வழக்கம். ‘தரகு பெங்கி’ என்பார்கள். தரகு என்றால் நம் சருகு, பெங்கி என்றால் தீ. முற்றிய கோடையில் வைக்கும் தீ மரத்தை எரிக்கும். முன்கூட்டி வைக்கும் தீ சருகோடு போய்விடும். இதை நான் முதலில் கேட்டது தாளவாடிச் சந்தையில், நெல்லிக்காய் விற்க வந்த ஒரு பெரியவரிடம். இந்த வருடம் காய் ஏன் சிறுத்துவிட்டது என்று கேட்டேன். “தீ போகாத காட்டுல மரத்து மேல புல்லுருவி ஏறிடும் சாமி. மரம் குடிக்கிற தண்ணிய அது குடிக்கும்” என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

அந்தப் பேச்சில் விஷயம் இருந்தது. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பிலிகிரி மலையில் வருடக்கணக்கில் நெல்லி மரங்களைக் கவனித்தார்கள். சோளகர்களும் அவர்களோடு சேர்ந்து மரத்துக்கு மரம் காய் மதிப்பிட்டார்கள். அங்கே இரண்டு வகை நெல்லி உண்டு, ஒன்று இன்னொன்றைவிடப் பெரிய காய். புல்லுருவி பிடித்த மரங்கள் காய்ப்புக் குறைந்து செத்துப்போவதைப் பார்த்தார்கள். கீழே உண்ணிச்செடி புதராக மூடியதில் நாற்று எழும்ப வழியில்லை. உண்ணிச்செடி அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த தென்னமெரிக்கச் சரக்கு. நெல்லி விதையைப் பரப்புவது புள்ளிமானும் கேளையாடும். விழுந்த காயைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். மான் துப்பினாலும் அது முளைக்கக் கொஞ்சம் வெளிச்சமுள்ள தரை வேண்டுமே.

இதெல்லாம் தெரிய வந்துகொண்டிருந்த காலத்தில்தான் பறிப்பதற்குத் தடை வந்தது. 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரணாலயத்திலிருந்து எடுக்கப்படும் பொருளை அங்கே வாழும் மக்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது என்றது சட்டம். அதாவது சோளகர் நெல்லிக்காயைத் தின்னலாம், விற்கக் கூடாது. பிலிகிரி மலையில் 2004-ஐ ஒட்டி விற்பனைக்குப் பறிப்பது நின்றது. நெல்லிக்காய் தின்று ஒரு குடும்பம் எத்தனை நாள் இருக்கும்? பல பேர் காப்பித் தோட்டக் கூலிக்கும் வெளியூர் வேலைக்கும் போனார்கள். புல்லுருவியும் உண்ணிச்செடியும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் தங்கள் வேலையைப் பார்த்தன. வருடம் தவறாமல் ஒவ்வொரு மரத்தடிக்கும் போய் வந்த கண்கள் மட்டும் காட்டுக்குள் இல்லாமல் போயின.

அந்தத் தடையைப் போட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். காட்டை விற்றுத் தின்ற நாட்டில் பயம் நியாயமானது. ஆனால் பயந்தது தவறான ஆளைப் பார்த்து.

2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1882-க்குப் பிறகு முதல்முறையாக, சிறு வன மகசூல் அதைப் பாரம்பரியமாக எடுத்து வருபவர்களுக்கே சொந்தம், விற்கவும் செய்யலாம் என்று ஒரு சட்டம் எழுத்தில் சொன்னது. சோளகர்கள் கிராம சபை கூட்டினார்கள், தங்கள் மரம், பாறை, சுனை, சாமி இருக்கும் இடம் என்று வரைபடம் தயாரித்தார்கள், மனு போட்டார்கள். மனு நிலுவையில் இருக்கும்போதே 2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை.

இப்போது காய் அவர்களுடையது. ஆனால் காயைத் தேடிப் போகும் வழியில் உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே யானை நின்றாலும் தெரியாது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் அதே குச்சியை வெட்டி நாற்காலி, கூடை செய்து விற்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். சருகுத் தீயைப் பற்றி சோளகர்கள் இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் தீ வைப்பது சட்டப்படி இன்றும் குற்றம்.