அல்ஜீப்ராவோடு ஒட்டிக்கொண்ட 'அல்'



எங்கட பிள்ளைகள் இங்கிலீஷ் சொற்களைப் பாடமாக்குகிறார்கள், பரீட்சை முடிய மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாஷை நமக்கு அந்நியம் என்ற பயம்தான் காரணம். நாங்கள் வகுப்பில் முதலில் 'அல்ஜீப்ரா'வைத்தான் பிரித்துக் காட்டுவோம்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் 'அல்-ஜப்ர்' இருந்தது. உடைந்ததைப் பொருத்துவது என்று அர்த்தம். 1145இல் ஸ்பெயினில் ரொபர்ட் ஒஃப் செஸ்டர் அதை லத்தீனில் பெயர்த்தார். முன்னால் இருந்த 'அல்'லைக் கழற்றாமலே ஐரோப்பா சொல்லை எடுத்துக்கொண்டது. அல்கலி, அல்கஹோல் எல்லாம் அப்படித்தான். (ஓல்வேய்ஸ், ஓல்மோஸ்ட் வேறு கதை, அதில் இருப்பது இங்கிலீஷ் 'ஓல்'.)

கிதாப், காதிப், மக்தப் மூன்றுக்கும் வேர் காஃப்-தா-பா, எழுதுவது. லத்தீனில் அதே வேலை 'ஸ்கிரிப்ட்'டுக்கு. மானுஸ் என்றால் கை. மெனுஸ்கிரிப்ட் கையெழுத்துப் பிரதி. ப்ரீ என்றால் முன். மருந்து எடுக்க முன் டொக்டர் எழுதித் தருவது ப்ரிஸ்கிரிப்ஷன். அரபியில் வேருக்குள்ளே உயிரொலி மாறும், லத்தீனில் முன்னும் பின்னும் ஒட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

யூடியூபில் தினமும் அமத்துகிற 'சப்ஸ்கிரைப்' என்னவென்று இன்றிரவு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். சப் என்றால் கீழே.